என் பெயரில் ஒரு கறுப்பு நாய்

28 செப்டம்பர் 2025, ஞாயிறு

இரண்டு மணிக்கு எனக்கு ஷிஃப்ட். பன்னிரண்டரைக்கும் டோக்கன் பதினொன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. என் கையில் பதின்மூன்று. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு நாய் கிளினிக் வாசலில் முப்பது நாய், அறுபது ஆட்கள், ஒரே ஒரு ஃபேன். வெறிநாய்க்கடி தடுப்பூசி இலவசம், கழுத்துத் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப்புக்குப் பாதி விலை என்று முகாம் போட்டிருந்தார்கள். பாதி விலை என்றாலே எனக்கு உறுத்தும். ஆனால் எங்கள் தெருவில் ஆறு மாதத்தில் இரண்டு நாய் காணாமல் போயிருக்கிறது. யாரோ வேனில் தூக்கிப் போகிறார்கள் என்று பேச்சு. என் ஃப்யூஸ் செவலை நாட்டு நாய்தான். என்றாலும் தூக்குகிறவன் ஜாதகமா பார்ப்பான்?

எனக்கு முன்னால் ஒரு அம்மா, கறுப்பு நாயோடு. நாய் பெயர் மைனராம். ‘இந்தச் சிப்பு போட்டா எங்க இருக்குன்னு செல்லுல தெரியுமா தம்பி?’ என்று இரண்டு தடவை கேட்டார். விளக்க ஆரம்பித்தால் கால் மணி நேரம் போகும். ‘எல்லாம் தெரியும்மா’ என்றேன். ஷிஃப்ட்டுக்கு நேரமாகிறது, நான் முன்னால் போகட்டுமா என்றேன். ‘போங்க தம்பி, நமக்கென்னா அவசரம்’ என்று நாயை மடியில் இழுத்துக்கொண்டு வழிவிட்டார். 

உள்ளே டாக்டரம்மா ஊசியைப் போட்டார். அரிசி அளவு சிப். ஃப்யூஸ் ஒரு கத்தல் கத்தி என் சட்டையைக் கடித்தது. பாக்கெட்டோடு வந்த, சிப் எண் உள்ள பார்கோடு ஸ்டிக்கரை ஒரு ட்ரேயில் போட்டார். அதைத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டுவது வெளியே மேசையில் இருக்கும் கம்பவுண்டர் செம்பியன் வேலை. ஏன் உள்ளேயே ஒட்டுவதில்லை? கேட்டேன். ‘டாக்டரம்மா கையில உறை சார், ஸ்டிக்கரு உரிக்க வராது.’ 

பதிலைத் தயாராக வைத்திருக்கிறார். புத்தகத்தை ஒட்டி வைக்கட்டும், நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று ஷிஃப்ட்டுக்கு ஓடினேன்.

29 செப்டம்பர்

அந்த ஊசிக்குள் சிப் இருந்ததை நான் பார்த்தேனா? இல்லை. ஊசியைத்தான் பார்த்தேன்.

1 அக்டோபர், புதன்

ஆன்லைனில் சிப்பைப் படிக்கும் ரீடர் ஒன்று ஆர்டர் போட்டேன். சிப்காட் தொழிற்சாலையில் ஏழு வருடமாக என் வேலையே இதுதான். பிரஷர் மீட்டர் பத்து என்று காட்டினால், பத்துதானா என்று வேறொரு கருவியை வைத்துப் பார்ப்பது. எதையும் அதன் வாயால் சொன்னதை வைத்து நம்பக்கூடாது.

பழனிவேல் மாமா போனில் (அக்கா வீட்டுக்காரர், வாயை மூடவே மாட்டார்): ‘நாய்க்கும் ஆதாரு எடுத்தாச்சாமே மச்சான்? அடுத்து ரேஷன் கார்டுல பேரச் சேத்துடு, அரிசி ஜாஸ்தியா கெடைக்கும்.’

வைத்துவிட்டேன்.

6 அக்டோபர், திங்கள்

ரீடர் வந்துவிட்டது. ஃப்யூஸின் கழுத்து, முதுகு, விலா, வயிறு, வால் வரை வைத்துப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. நாற்பது நிமிடம். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, ‘அதுக்கு கரண்ட்டு பில்லு எவ்ளோன்னு பாக்குறியா?’ என்றாள்.

சந்தேகப்பட்டது சரிதான். காலி ஊசி. முப்பது நாய், முப்பது காலி ஊசி. நாளைக்கு இருக்கிறது அவர்களுக்கு.

7 அக்டோபர்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

கிளினிக்கில் பத்து பேர் முன்னால் சத்தம் போட்டேன். டாக்டரம்மா என் ரீடரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ‘இது ஆபீஸ் கதவுல கார்டு வெப்பாங்கல்ல, அதுக்கு உள்ளதுப்பா. நாய்ச் சிப்புக்கு அலைவரிசை வேற’ என்றார். நூற்று இருபத்தைந்து கிலோஹெர்ட்ஸ். சிப் நூற்று முப்பத்து நான்கு சொச்சம். பெட்டியின் பின்பக்கமே அச்சடித்திருக்கிறது. என் பிளான்ட்டில் ஒரு ஜூனியர் இப்படி வாங்கி வந்திருந்தால் கேன்டீன் வரைக்கும் விரட்டியிருப்பேன்.

செம்பியன் கிளினிக் மெஷினைக் கொண்டுவந்து ஃப்யூஸ் கழுத்தில் வைத்தார். பீப். திரையில் எண்கள் வந்தன. ‘போதுமா சார்? இல்ல, நாயத் தொறந்து காட்டணுமா?’ வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் உடனே கிளம்பிவிட்டேன்.

சிப் இருக்கிறது. சரி. ஆனாலும் அந்தச் செம்பியனின் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

20 அக்டோபர், தீபாவளி

ஃப்யூஸ் காலையிலிருந்து குளியலறையில், வாளிக்குப் பின்னால். இட்லி கறிக்குழம்பு வைத்தும் வரவில்லை. இரவு ஷிஃப்ட் எனக்கு.

22 அக்டோபர், புதன்

தெரியாத நம்பர். ஒரு ஆண் குரல், இளவயது.

‘சார், உங்க நாயி எங்ககிட்ட இருக்கு.’

ஃப்யூஸ் என் செருப்பின் மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. ‘எந்த நாயி?’ என்றேன்.

‘கறுப்பு நாயி சார். சிதம்பரம், கீழவீதி தேரடிகிட்ட வண்டிக்கடியில கெடந்துச்சு. முன்னங்காலு அடிபட்டிருக்கு. டாக்டருகிட்ட தூக்கிட்டுப் போனேன். கழுத்துல சிப்பு இருக்குன்னு மெஷின வெச்சுப் பாத்து, கம்ப்யூட்டர்ல உங்க நம்பர எடுத்துக் குடுத்தாரு.’

சிப் போட்டு மூன்றரை வாரம். அதற்குள் சிப் என்று சொல்லியே ஒரு போன். எவ்வளவு கச்சிதம்! கிளினிக்கிலிருந்து நம்பர் லிஸ்ட்டை எவனுக்கோ விற்றிருக்கிறார்கள். நாய் வளர்ப்பவன் நாய் என்றால் பதறுவான், பதறினால் பணம் போடுவான். கணக்கு சரிதான். ஆனால் நாய் என்ன நிறம் என்றுகூடத் தெரிந்துகொள்ளாமல் கூப்பிட்டிருக்கிறான் பார்.

‘அடுத்து ஜிபே நம்பர் குடுப்ப, அதான?’ என்றேன்.

‘ஐயோ, பணமெல்லாம் வாணாம் சார். வந்து கூட்டிட்டுப் போனீங்கன்னா போதும். எங்க வூட்டுல வெச்சிக்க முடியாது.’

சைபர் கிரைமில் உன் நம்பரைக் கொடுத்தாயிற்று, போலீஸ் வீட்டுக்கு வரும் என்றேன். கொடுக்கவில்லை. சும்மா சொன்னேன். பிளாக் செய்துவிட்டேன்.

23 அக்டோபர்

வேறு நம்பரிலிருந்து மறுபடியும். அதே குரல். ‘சார், ஒரே ஒரு நிமிசம்…’ கட் செய்தேன். வாட்ஸப்பில் ஏதோ படம் அனுப்பியிருக்கிறான். திறக்க மாட்டேன். படம் என்று சொல்லிப் போனுக்குள் என்னத்தையாவது இறக்குவார்கள். இதையும் பிளாக்.

இப்போது இரண்டு நம்பர் வைத்திருக்கிறான் என்றால் கும்பல்தான்.

24 அக்டோபர், வெள்ளி

மழை. அம்மாவிடம் சொன்னேன், பாராட்டுவாள் என்று நினைத்தா? தெரியவில்லை.

‘பணம் கேட்டானாடா?’

‘இன்னும் கேக்கல. கேப்பான்.’

‘கேக்காதவன ஏன்டா திட்டுன? எவன் வூட்டு நாயோ. ஒரு தடவ தொறந்து பாத்துட்டு வையேன். போனுக்கு என்னா வெட்டா வுழுந்துடும்?’

என் பழைய போனில், உள்ளே ஒன்றும் இல்லாத போனில், வாட்ஸப் போட்டுத் திறந்தேன். ஒரு கறுப்பு நாய். நெஞ்சில் வெள்ளைத் திட்டு. இடது முன்னங்காலில் வேட்டித்துணியைக் கிழித்துக் கட்டியிருந்தார்கள். எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. படத்துக்குக் கீழே: ‘சிப் நம்பர் இது சார். நீங்களே சரி பாத்துக்கங்க.’ பதினைந்து இலக்கம்.

ஃப்யூஸின் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு இலக்கமாக வைத்துப் பார்த்தேன். பதினைந்தும் ஒன்றுதான். கடைசி நான்கு 4417.

போன் நம்பர் மட்டும் இல்லை, சிப் நம்பரையும் சேர்த்தே விற்றிருக்கிறான் செம்பியன். நாளைக்குப் புத்தகத்தோடும் நாயோடும் போகிறேன். இந்தத் தடவை சத்தம் போடப் போவதில்லை. எழுதி வாங்கப் போகிறேன்.

25 அக்டோபர், சனி

டாக்டரம்மா மெஷினை எடுத்து ஃப்யூஸ் கழுத்தில் வைத்தார். பீப். இந்தத் தடவை நான் திரையைப் படித்தேன்.

4416.

புத்தகத்தில் 4417. மறுபடி வைக்கச் சொன்னேன். 4416.

ஏழாம் தேதி இதே திரையில் இதே எண் ஓடியிருக்கிறது. நான் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, சிரிக்கிறார்கள் என்று ஓடிப்போனேன். எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

செம்பியன் முகாம் நோட்டைக் கொண்டுவந்தார். விரலை வைத்துப் படித்தார். ‘பன்னெண்டு, ஜெயராணி, வண்டிப்பாளையம், கறுப்பு, ஆணு, மைனரு. பதிமூணு, நீங்க.’ நிறுத்தினார். என்னைப் பார்த்தார். ‘சார். அன்னிக்கி ஷிஃப்ட்டுன்னு சொல்லி முன்னாடி பூந்தது நீங்கதான?’

ஆமாம்.

‘நான் புஸ்தகத்த டோக்கன் படி அடுக்கி வெச்சிருக்கேன். ட்ரேயில ஸ்டிக்கரு ஊசி போட்ட படி வருது. மேல இருந்து ஒண்ணொண்ணா ஒட்டிகிட்டே போனேன். ஆளு மாறிப் போனா எனக்கு எப்புடித் தெரியும்?’

முதல் சிப் ஃப்யூஸுக்கு. அதன் ஸ்டிக்கர் அந்த அம்மா புத்தகத்தில். இரண்டாவது சிப் மைனருக்கு. அதன் ஸ்டிக்கர் என் புத்தகத்தில், என் போன் நம்பரோடு. கம்ப்யூட்டரிலும் அப்படியே ஏறியிருக்கிறது. யாரும் எதையும் விற்கவில்லை. 

‘ட்ரேயில போட்டதும் எங்க தப்புதான்’ என்றார் டாக்டரம்மா. எனக்காகச் சொன்ன மாதிரி இருந்தது.

ஸ்பீக்கரில் போட்டு ஜெயராணிக்கு அடித்தார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். ‘டாக்டரம்மா! தெரிஞ்சிடுச்சா? மெஷின்ல காட்டிடுச்சா? அஞ்சு நாளா போன கையிலயே வெச்சிகிட்டு ஒக்காந்திருக்கேன். சிப்பு இருக்கு, நீங்களே கூப்புடுவீங்கன்னுதான் நான் எங்கயும் போவல.’

தீபாவளிக்குச் சிதம்பரத்தில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். தனியாக விட்டால் வெடிக்குப் பயப்படும் என்று நாயையும் கூட்டிப் போயிருக்கிறார். வாசலில் யாரோ சரம் வைத்ததில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது.

அதற்கு மேல் கேட்க முடியவில்லை. வெளியே வந்து பிளாக்கை எடுத்து, அந்தப் பையனுக்கு அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். ஆறாவது தடவை எடுத்தார்.

‘சார், நான் ஒண்ணும் பண்ணல சார். போலீசுன்னு சொன்னதும் எங்கம்மா பயந்துட்டாங்க. கேசு கீசுன்னா கடைய மூட வேண்டியதுதான். நேத்து சாயங்காலம் அவுத்து வுட்டுட்டேன்.’

26 அக்டோபர், ஞாயிறு

காலை ஐந்தரை பஸ். சிதம்பரத்தில் தூறல்.

அந்தப் பையன் பெயர் சிவகுரு. கீழ சன்னதியில் அர்ச்சனைத் தட்டுக் கடை வைத்திருக்கிறார். இருபத்திரண்டு வயதிருக்கும். தேங்காய்க் குவியலுக்குப் பின்னால் நின்றுகொண்டு என் கையைத்தான் முதலில் பார்த்தார். அடிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. மன்னிப்பு கேட்டேன். ‘பரவால்ல சார், ஊர்ல அந்த மாதிரி ஜாஸ்திதான்’ என்றார். திட்டியிருக்கலாம்.

நாயை அவிழ்த்துவிட்ட இடத்தைக் காட்டினார், கடைக்குப் பின்சந்து. ‘ஒரு மணி நேரம் அங்கயே நின்னுச்சு சார். அப்பறம் நொண்டிகிட்டே வடக்கால போச்சு.’

ஜெயராணி அக்கா அம்மாபேட்டையில் மகள் வீட்டிலிருந்து வந்தார். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார். வீட்டுக்காரர் இல்லை. மகளுக்குக் கல்யாணம் ஆன பிறகு வண்டிப்பாளையத்து வீட்டில் அவரும் மைனரும்தான். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

‘நீங்கதான தம்பி அன்னிக்கி சொன்னீங்க, எல்லாம் தெரியும்னு?’

ஆமாம் என்றேன். அது பொய். சிப் எதையும் காட்டாது. அதில் ஒரு எண் இருக்கும், அவ்வளவுதான். யாராவது நாயைப் பிடித்து மெஷினை வைத்தால்தான் உண்டு. அன்று விளக்க நேரமில்லாமல் சொல்லிவிட்டேன் என்றேன். பிறகு மிச்சத்தையும் சொன்னேன். வரிசை மாறியது. போன் வந்தது. பிளாக் செய்தது.

கேட்டுக்கொண்டே நின்றார். கடைசியில் சிவகுருவைக் காட்டி, ‘இந்தப் புள்ள ரெண்டு நாளு உங்களுக்கு அடிச்சிருக்கு. பொய்யின்னு எப்புடி தம்பி முடிவு பண்ணுனீங்க? அடி பட்ட நாயின்னு சொன்னப்பக்கூடவா?’ என்றார்.

வடக்கே தேடிப் பார்ப்போம் என்று சந்துக்குள் நடந்தேன்.

நாங்கள் மூவரும் வடக்கு வீதி, பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் பின்பக்கம், கட்டிமுடிக்காத கட்டடங்கள் என்று எல்லா இடமும் பார்த்தோம். ‘மைனரு… மைனரு…’ என்று அக்கா கூப்பிட்டதில் தொண்டை கட்டிக்கொண்டது. எந்தக் கறுப்பு நாயைப் பார்த்தாலும் மூன்று பேரும் ஒன்றாக நின்றோம்.

இல்லை.

28 அக்டோபர்

படத்தோடு நோட்டீஸ் இருநூறு அடித்தேன். என் நம்பர், அக்கா நம்பர். நேற்று ஒட்டினதில் பாதியை மழை கரைத்துவிட்டது. இன்று பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டினேன். கடலூர் ரோட்டில் வரும் ஒவ்வொரு பஸ் நிறுத்தத்திலும். வடக்கே போனது என்றால், வீட்டுப் பக்கம்தானே?

ஒருத்தன் கூப்பிட்டான். நாய் என்னிடம்தான் இருக்கிறது, ஆயிரம் போடுங்கள், லொகேஷன் அனுப்புகிறேன் என்றான். எந்தக் காலில் கட்டு என்று கேட்டேன். வைத்துவிட்டான். சிவகுருவிடம் கேட்க இந்த ஒரு கேள்வி எனக்கு ஏன் தோன்றவில்லை? கேட்டிருந்தால் ஐந்து விநாடி.

31 அக்டோபர்

மூன்று நாள் லீவ் முடிந்தது. மாமா: ‘நாய்க்கு லீவு போட்ட மொத ஆளு நீதான் மச்சான், அதுவும் அடுத்தவுங்க நாய்க்கு.’ சிறிது நேரம் கழித்து அவரே, ‘புவனகிரிப் பக்கம் நம்ம லாரி போவுது, டிரைவருகிட்ட நோட்டீசு குடுத்து வுடட்டா?’ என்றார்.

ஜெயராணி அக்கா இன்று பேசவில்லை. மகள்தான் எடுத்தாள். ‘அம்மா சாப்புடல’ என்றாள். அவ்வளவுதான்.

3 நவம்பர், திங்கள்

பிளான்ட்டில் போன் பார்க்கக்கூடாது. லாக்கரில் ஏழு மிஸ்டு கால். தெரியாத நம்பர்.

பி.முட்லூரில் பஞ்சர் கடை வைத்திருப்பவர். ‘நோட்டீசு பாத்தேங்க. டயருக்குள்ள ரெண்டு நாளா ஒரு கறுப்பு நாயி படுத்திருக்கு. கிட்ட போனா கடிக்க வருது.’

‘கால்ல கட்டு இருக்கா?’

‘எடது முன்னங்காலு. கட்டு இல்ல, அழுகுன துணி. நாத்தம் தாங்கலங்க.’

சூப்பர்வைசரிடம் என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்று நினைவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய் ஜெயராணி அக்காவைப் பைக்கில் ஏற்றினேன். கையெல்லாம் சாம்பார்.

டயர்க் குவியலுக்கு முன்னால் மண்டியிட்டு, கட்டிப்போன குரலில் ஒரே தடவை கூப்பிட்டார். முதலில் வால்தான் அசைந்தது. பிறகு மூன்று காலில் வெளியே வந்து அவர் மடியில் விழுந்தது. நான் ஒரு எட்டு முன்னால் வைத்தேன். உறுமியது. நின்றுவிட்டேன்.

வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டி வந்திருக்கிறது. மூன்று காலில். வீட்டுக்கு.

4 நவம்பர்

புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். காலை முட்டிக்கு மேலே எடுத்தாக வேண்டும் என்றார்கள். எலும்பு முறிந்த முதல் இரண்டு மூன்று நாளில் வந்திருந்தால் தகடு வைத்துக் காப்பாற்றியிருக்கலாமாம். ‘எப்போது அடிபட்டது?’ என்று டாக்டர் கேட்டார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. ‘தீபாவளி அன்னிக்கு சார்’ என்றார்.

முதல் போன் வந்தது இருபத்திரண்டாம் தேதி. அடிபட்டு இரண்டே நாளில்.

8 நவம்பர்

நம்பர்களைச் சரிசெய்தாயிற்று. செம்பியன் இப்போது ஒவ்வொரு நாய்க்கும் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுத்தான் அடுத்ததைக் கூப்பிடுகிறார். மெஷினை வைத்து இலக்கங்களை வாய்விட்டுப் படிக்கிறார். நான் புத்தகத்தில் பார்த்தேன். பதினைந்தும் சரி.

18 நவம்பர், செவ்வாய்

இந்த வாரம் இரவு ஷிஃப்ட். மத்தியானம் பன்னிரண்டரைக்கு வண்டிப்பாளையம். அக்கா பள்ளிக்கூடத்தில் பரிமாறும் நேரம் அது. தையல் பிரிக்கும் வரை மைனருக்கு மத்தியானமும் மருந்து கொடுக்க வேண்டும், யார் வைப்பது என்று போன வாரம் யோசித்துக்கொண்டிருந்தார். நான் வரட்டுமா என்றேன். சாவியை எங்கே வைப்பார் என்று சொன்னார்.

அதை இங்கே எழுத மாட்டேன்.

திறந்ததும் உறுமல். மாத்திரையைச் சோற்று உருண்டைக்குள் வைத்துத் தட்டை நீட்டினேன். நகரவில்லை. கீழே வைத்தேன். நகரவில்லை. ‘தள்ளி நின்னீங்கன்னா திங்கும் தம்பி. உங்களப் பாத்தாதான் அதுக்கு இப்புடி’ என்று அக்கா சொல்லியிருந்தார். கதவு வரைக்கும் போனேன். போதவில்லை. படிக்கட்டில் இறங்கி வாசலில் நின்றேன்.

எழுந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, மூன்று தாவலில் தட்டுக்கு வந்தது.

முழுவதையும் தின்றது. ஒரு வாய்க்கு ஒரு தடவை தலையைத் தூக்கி, நான் அங்கேயே நிற்கிறேனா என்று பார்த்துக்கொண்டே.